எடை அப்படியே இருக்கிறது, சதை எங்கே போனது?

இதயச் செயலிழப்பு உள்ளவர் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது, உடனே போன் செய்ய வேண்டும். நல்ல பழக்கம், விட்டுவிடக் கூடாது. என் கவலை, எடை ஏறாத நாட்களில் வரும் நிம்மதியைப் பற்றியது. காலில் ஒரு கிலோ நீர் சேர்ந்து, தொடையில் ஒரு கிலோ சதை கரைந்திருந்தால் மெஷின் நேற்றைய எண்ணையேதான் காட்டும்.

சட்டையின் தோள் தொங்குகிறது. நெற்றிப்பொட்டு குழி விழுகிறது. தரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கச் சுவரைத் தேடுகிறார். "இதயம் வீக்கா இருக்கே, அப்படித்தான் இருக்கும்" என்று வீடு சமாதானம் அடைகிறது. ஆனால் எக்கோவில் ஒரே பம்பிங் சதவீதம் உள்ள இருவரில் ஒருவர் மாடி ஏறிவிடுவார், இன்னொருவர் வராந்தாவைத் தாண்ட மாட்டார். அந்த வித்தியாசத்தில் கால் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. மூச்சு வாங்குகிறது என்றால் நெஞ்சை மட்டும் பார்த்தால் போதாது.

பம்ப் பலவீனமானதும் உடம்பு அதை ரத்த இழப்பு போலவே எடுத்துக்கொண்டு அபாய ஹார்மோன்களைத் திறந்துவிடுகிறது. நாரட்ரினலினும் ஆஞ்சியோடென்சினும் சில மணி நேரத்துக்கு உயிர் காப்பவை. அவையே மாதக்கணக்கில் ஏறி நின்றால் தசையின் புரதத்தை உடைக்கத் தொடங்குகின்றன. கார்டிசாலும் அந்தப் பக்கம் சேர்ந்துகொள்கிறது. சதையைக் கட்டும் பக்கத்தில் ஆள் குறைவு: ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது, இன்சுலின் சொன்னதைத் தசை கேட்பதில்லை, வளர்ச்சி ஹார்மோன் ரத்தத்தில் நிறைய இருந்தும் அதன் வேலை நடப்பதில்லை. இதற்கிடையில் குடல் சுவரிலும் நீர் கோத்துக்கொள்கிறது. பசி மந்தமாகிறது. குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியாக்களின் நச்சு ரத்தத்தில் கசிந்து, உடம்பெங்கும் கனன்றுகொண்டிருக்கும் அழற்சிக்கு எண்ணெய் வார்க்கிறது.

கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் ரத்தத்தில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருள் மிகுந்திருப்பது 1990-லேயே தெரிந்துவிட்டது. 1997-ல் லண்டனில் 171 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு எனக்கு இன்னும் கலக்கம் தருகிறது. வீக்கம் இல்லாத நிலையில் எடுத்த எடையில் 7.5 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்களில் பாதிப் பேர் 18 மாதத்துக்குள் இறந்தார்கள். மற்றவர்களில் அது 17 சதவீதம்.

டிஎன்எஃப்பைத் தடுத்தால் தீர்ந்தது என்று நினைத்து, 2000-களின் தொடக்கத்தில் பெரிய பரிசோதனைகள் நடந்தன. பலன் இல்லை. ஒரு மருந்தின் அதிக அளவு நோயாளிகளின் நிலையை மோசமாக்கியது. நெருப்பு ஒரே இடத்தில் எரியவில்லை என்பதுதான் அதன் பாடம். ஏற்கெனவே எழுதித் தரப்படும் ஏசிஇ தடுப்பு மாத்திரைகளோ எடை இழப்பைக் குறைக்கின்றன. உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என்னை உறங்கவிடாதது நம் வீட்டுப் பத்தியம். ஹார்ட் என்று கேட்டவுடன் முட்டை போகிறது, மீன் போகிறது, பருப்பு வாயு என்று ஒதுக்கப்படுகிறது. உப்பைக் குறைக்கச் சொன்னதை உணவையே குறைக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம். மூன்று வேளையும் கஞ்சி, மீதி நேரம் கட்டில். அன்பால்தான் செய்கிறார்கள், அதனால்தான் யாரும் தடுப்பதில்லை. சதை கரையும் நோயாளிக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1.1 கிராம் புரதமாவது வேண்டும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. 55 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு அறுபது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. கஞ்சியில் எவ்வளவு தேறும்? சிறுநீரகமும் பழுதானவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

இதயத்தைச் சரிசெய்தால் சதை தானே தேறும் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. ஆனால் கட்டிலில் கிடக்கும் தசை மாத்திரையால் மட்டும் வளராது. நிலையாக இருக்கும் நோயாளிகள் 2,331 பேரைக் கொண்டு நடந்து 2009-ல் வெளியான பெரிய பரிசோதனையில் உடற்பயிற்சி உயிரிழப்பைப் பெரிதாகக் குறைக்கவில்லை. ஆனால் பயம் வேண்டாம் என்று காட்டியது: பயிற்சி பாதுகாப்பானது, அன்றாட வாழ்வும் கொஞ்சம் மேம்பட்டது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடைக் குறிப்புடன் இன்னும் இரண்டைக் கொண்டுபோங்கள். ஒன்று, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆனது. இன்னொன்று, வீக்கம் வடிந்த நாளில் டேப் வைத்து எடுத்த கெண்டைக்கால் சுற்றளவு. போன மாத அளவையும் பக்கத்தில் எழுதி, டாக்டர் கேட்காவிட்டாலும் மேசைமேல் வையுங்கள்.