இளைப்புள்ள பிள்ளை: ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நாள்பட்ட வீக்கத்தோடு இருக்கும் நோய். தூசு, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் என ஏதாவது ஒன்று தூண்டிவிட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உள்ளே சளி சுரக்கும், காற்று போகும் வழி குறுகும். மூச்சை வெளியே விடும்போது விசில் போலச் சத்தம் கேட்கும். இளைப்பு, இரைப்பு என்று சொல்லிவந்த இதை இப்போது வீசிங் என்கிறார்கள். தூண்டுதல் இல்லாத நாளில் பிள்ளை நன்றாக ஓடியாடும். நோய் தீர்ந்துவிட்டது என்று வீட்டில் எண்ணிக்கொள்வார்கள். வீக்கம் மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

மருந்து இரண்டு வகை. சால்பியூட்டமால் இன்ஹேலர் இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். புடசொனைடு போன்ற தடுப்பு இன்ஹேலர் வீக்கத்தை அடக்கும். அதைத் தவறாமல் எடுத்தால்தான் பலன், அதுவும் தெரியச் சில வாரங்கள் ஆகும். உடனே சுகம் தரும் மருந்தை வைத்துக்கொண்டு தடுப்பு மருந்தை நிறுத்திவிடுவதே பொதுவாக நடக்கிறது. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா இறப்புகளிலோ 40 சதவீதத்துக்கு மேல் இங்கே நிகழ்வதாக உலக நோய்ச்சுமை மதிப்பீடு காட்டுகிறது. இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, தடுப்பு மருந்து உரியவர்களைச் சென்று சேராததும் தொடர்ந்து எடுக்கப்படாததும்.

திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிப் படுகையில் உள்ள முக்கூடலில் வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்ற இந்த நோயின் மூன்று முனைகளையும் தெளிவாகப் பார்க்கலாம். பீடித்தொழிலுக்குப் பேர்போன ஊர் இது. பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். பீடிக் கடையில் இலையும் புகையிலைத் தூளும் வாங்கிவந்து, இலையை நனைத்து அளவாக வெட்டி, மடியில் வைத்த சுளகில் தூளைப் பரப்பிக்கொண்டு வேலை நடக்கும். பக்கத்திலேயே பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும். இரவில் இலையும் தூளும் இருக்கிற அறையிலேயே படுக்கும். காய்ந்த புகையிலைத் தூள் மூச்சுக்குழாயை உறுத்தக்கூடியது. விறகடுப்புப் புகை, பிசானப் பருவ நெல் அறுவடையின் வைக்கோல் தூசு, ஆடிக் காற்று, மார்கழிப் பனி ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் தூளும், பெருக்கும்போது கிளம்பும் புழுதியும், மூலையில் எரிக்கும் குப்பையும் உண்டு. தூண்டுதல் வீட்டில், இளைப்பு விளையாட்டு மைதானத்தில், மருந்து ஆஸ்பத்திரியில் என்று நோய் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. ஒன்றில் நடப்பது மற்ற இரண்டுக்கும் தெரிந்தால்தான் சிகிச்சை முழுமையாகும்.

இதற்கான அமைப்புகள் ஓரளவு ஏற்கெனவே இருக்கின்றன. ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. அதன் நடமாடும் மருத்துவக் குழு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கிறது. பார்க்க வேண்டிய நோய்களின் பட்டியலில் மூச்சுக்குழாய் இறுக்கமும் இடம்பெற்றிருக்கிறது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாகப் பயிற்றுவிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020-இல் வந்தது. பீடித் தொழிலாளர் குடும்பங்களுக்கென மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் மருத்துவமனை முக்கூடலிலேயே உள்ளது. மேல்சிகிச்சைக்குப் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் பரிசோதனை நோயைக் கண்டுபிடிக்க உதவுமே தவிர, மீதி நாட்களில் வகுப்பறையில் என்ன செய்வது என்பதைச் சொல்லாது. மருந்துச் சீட்டு வீட்டு அலமாரியில் இருக்கும். மூச்சு வாங்கும் பிள்ளையின் முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு அதில் எழுதியிருப்பது தெரியாது.

பள்ளியில் ஆஸ்துமாப் பராமரிப்பை ஒழுங்குபடுத்த அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2016-இல் ஒரு திட்டத்தை வெளியிட்டது. அதற்கு நான்கு உறுப்புகள்: குடும்பம், மருத்துவர், பள்ளிச் செவிலியர், சமூகம் ஆகியோரை இணைக்கும் வட்டம்; ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்துமூலத் திட்டம்; பள்ளியில் உள்ளவர்களுக்குப் பயிற்சி; பள்ளிச் சூழலின் தூண்டுதல்களை நீக்குதல். நம் அரசுப் பள்ளிகளில் செவிலியர் இல்லை. அந்த இடத்தை வகுப்பாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் நிரப்ப வேண்டியிருக்கும். அதற்கு ஏற்ற எளிமையோடு திட்டம் இருக்க வேண்டும்.

எழுத்துமூலத் திட்டம் ஒரே பக்கம்தான். சிக்னல் விளக்கு போல மூன்று நிறம். பச்சை: இருமல் இல்லை, விளையாட்டில் தடையில்லை, தடுப்பு மருந்து மட்டும் தொடரும். மஞ்சள்: இரவு இருமல், ஓடினால் இளைப்பு; சால்பியூட்டமால் எத்தனை அமுக்கு, எவ்வளவு இடைவெளியில் என்று மருத்துவர் எழுதியிருப்பார். சிவப்பு: முழு வாக்கியம் பேச முடியவில்லை, மூச்சு இழுக்கும்போது விலா குழிகிறது, உதடு நீலம் பாய்கிறது; மருந்து கொடுத்தபடியே 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவரின் கையெழுத்தும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் கீழே. ஒரு பிரதி வீட்டில், ஒன்று வகுப்பாசிரியரிடம், ஒன்று மருத்துவமனைக் கோப்பில்.

ஆசிரியர் கற்க வேண்டியது அதிகமில்லை. பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும், படுக்கவைக்கக் கூடாது. இன்ஹேலரைக் குலுக்கி, அதற்கும் வாய்க்கும் இடையே வைக்கும் ஸ்பேசர் என்ற குடுவையில் பொருத்தி, ஒருமுறை அமுக்கி, ஐந்தாறு மூச்சு மெல்ல இழுக்கச் சொல்ல வேண்டும். அடுத்த அமுக்குக்கு மறுபடி குலுக்க வேண்டும். பிள்ளையைத் தனியே விட்டுப் போகக் கூடாது. ஸ்பேசர் வாங்க வழியில்லாத இடத்தில் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் நுழையத் துளையிட்டு, இடைவெளியை அடைத்துப் பயன்படுத்தலாம். அது கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்வதைத் தென்னாப்பிரிக்க ஆய்வொன்று 1999-இல் காட்டியது.

பொது இன்ஹேலர் ஒன்றைப் பள்ளியே வைத்திருக்க பிரிட்டன் 2014 அக்டோபரில் சட்டத்தைத் திருத்தியது. சொந்த இன்ஹேலரை மறந்துவிட்டு வந்த ஆஸ்துமாப் பிள்ளைக்கு அது உதவும். தடுப்பு மருந்தைப் பள்ளி நாட்களில் பள்ளியிலேயே கொடுத்துப் பார்த்த நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டர் நகரத்து ஆய்வில், அறிகுறியற்ற நாட்கள் கூடின.

சூழலை மாற்றுவதில் செலவு குறைவு. வகுப்பைப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துப் பெருக்கலாம். கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கலாம். குப்பை எரிப்பதை நிறுத்தலாம். வீட்டில் பீடி சுற்றுவதை நிறுத்தச் சொன்னால் அடுப்பு எரியாது. தூளை மூடிவைப்பது, காற்றோட்டமான திண்ணையில் வேலை செய்வது, பிள்ளை படுக்கும் இடத்தில் இலையும் தூளும் வைக்காதிருப்பது ஆகியவை நடைமுறைக்கு உகந்தவை.

இன்ஹேலர் பழகிப்போகும், அடிமையாக்கும் என்ற அச்சம் இன்னும் உண்டு. மாத்திரை, சிரப்பைவிட மிகக் குறைந்த அளவு மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் பக்கவிளைவு குறைவு என்பதை மருத்துவர் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சேர்த்தே விளக்குவது நல்லது. பள்ளியில் இன்ஹேலர் கொடுத்த தேதி, இளைப்பால் விடுப்பு எடுத்த நாள், விளையாட்டிலிருந்து பாதியில் விலகிய நாள் ஆகியவற்றை ஆசிரியர் ஒரு நோட்டில் குறித்துவைத்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மறுபரிசோதனைக்குப் பெற்றோர் அதைக் கொண்டுபோகலாம். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை மருத்துவர் அந்தக் குறிப்பைப் பார்த்து முடிவுசெய்வார்.