செயலி ஒன்று, பொருள் இரண்டு: லினக்ஸ் கணினி திணறும்போது

தமிழில் ‘மண்வெட்டி’ கருவியைக் குறிக்கும். ‘விறகுவெட்டி’ ஆளைக் குறிக்கும். இரண்டிலும் வினை ஒன்று, இகர விகுதியும் ஒன்று. எது கருவி, எது வினைமுதல் என்பதை வழக்குத்தான் நமக்குக் கற்பிக்கிறது. ‘செயலி’ என்னும் சொல்லுக்கு அத்தகைய வழக்கு இன்னும் உறுதிப்படவில்லை. கணினிக்குள் இருக்கும் சில்லும் செயலி. கைப்பேசியில் நாம் பதிவிறக்கும் மென்பொருளும் செயலி. செய்தித்தாள் படிப்பவருக்கு இதனால் இடரில்லை. பழுது பார்ப்பவருக்கு உண்டு. ‘செயலியில் கோளாறு’ என்று மாணவர் ஒருவர் கூறினால், நீக்க வேண்டியது மென்பொருளையா, கணினியையேவா?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2025 அக்டோபர் 14ஆம் நாளன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் நல்லதொரு மறுவாழ்வு. நம் நாட்டுக்கு இவ்வழி புதிதுமன்று. பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு 2004ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. எனினும், லினக்ஸை நிறுவிய மறுநாள் விசிறி இரைந்து சுட்டி நகரத் தயங்கினால், ‘பெட்டி பழையது, அவ்வளவுதான்’ என்று ஒதுக்கிவிடுவோர் உளர். ஜொகூரில் ஒரு தோட்டப்புறப் பள்ளியின் மாணவருக்கு அந்தப் பெட்டி ஒன்றே வாய்ப்பாக இருக்கக்கூடும்.

ஆகவே முதலில் மூன்றைப் பிரித்தறிவோம். வட்டில் எழுதிக் கிடப்பது நிரல். அது சமையற்குறிப்புப் போன்றது. அதைக் கொண்டு நடைபெறும் சமையல், செயல்முறை. சமைப்பவர் நுண்செயலி. ஒரே குறிப்பைக்கொண்டு ஒரே வேளையில் பத்துச் சமையல் நடக்கலாம். இணைய உலாவியைத் திறந்தால் அதன் பெயர் பட்டியலில் பலமுறை தோன்றுவது இதனால்தான், அது பிழையன்று.

பட்டியலைக் காண, முனையத்தில் ‘டாப்’ என்னும் கட்டளையைத் தரலாம். ‘எச்டாப்’ பார்வைக்கு எளிது. அங்கே ஒரு செயல்முறைக்கு எதிரே 180 விழுக்காடு என்றிருப்பதைக் கண்டு மாணவர் திகைப்பர். ‘டாப்’ இயல்பாக ஒரு கருவத்தின் முழு உழைப்பை 100 என்று கணக்கிடுகிறது. நான்கு கருவங்கள் உள்ள நுண்செயலியின் உச்சம் 400.

மேற்புறத்தில் ‘டபிள்யூ-ஏ’ என்னும் ஈரெழுத்தோடு ஓர் எண் இருக்கும். பலர் கவனியாத இடம் இது. வட்டின் விடைக்காக நுண்செயலி காத்திருக்கும் நேரத்தை அது காட்டுகிறது. இவ்வெண் மிகுந்தால் சமைப்பவர் சோம்பேறியுமல்லர், களைத்தவருமல்லர்; காய்கறி வந்து சேரவில்லை. பழைய சுழல்வட்டை மாற்றித் திண்மநிலை வட்டைப் பொருத்தினால் அதே கணினி விரைந்து இயங்கும்.

காத்திருப்பு இன்றி உழைப்பே மிகுந்திருந்தால், அடுத்துப் பணிமேடையை ஐயுறலாம். சாளரங்களையும் பட்டியல்களையும் நமக்குத் தரும் அடுக்கு அது. லினக்ஸில் க்னோம், கேடியீ, எக்ஸ்எஃப்சிஈ எனப் பல பணிமேடைகள் உள்ளன. முதலிரண்டிலும் கோப்புகளைத் தேட உதவும் அட்டவணையாக்கி பின்னணியில் இயங்கும். கேடியீயில் அதன் பெயர் பாலூ. க்னோமில் நெடுங்காலம் டிராக்கர், இப்போது லோக்கல்சர்ச். பல்லாயிரம் கோப்புகளை ஒருங்கே படியெடுத்துப் போட்டால் இவை நெடுநேரம் உழைக்கும். நூலகர் புதுநூல்களுக்கு அட்டை எழுதுவதைப் பழுது என்போமா? சில மணிநேரம் விட்டுவிடுவது நன்று. ஒரே கோப்பில் சிக்கி நாள்கணக்கில் சுழன்றால் மட்டும் அமைப்புகளுக்குச் சென்று அக்கோப்புறையை விலக்குவோம்.

இன்னொரு காரணம் நுட்பமானது. வரைகலை அட்டைக்கு உரிய இயக்கி அமையாவிடில், திரையில் படம் வரையும் வேலையையும் நுண்செயலியே சுமக்கிறது. அப்போது பட்டியலின் உச்சியில் க்னோம் ஷெல் அல்லது கேவின் இடைவிடாது நிற்கும். கணினியின் விவரப் பக்கத்தில் வரைகலை என்பதற்கு எதிரே ‘எல்எல்விஎம்பைப்’ என்றிருந்தால் ஐயம் உறுதி. உரிய இயக்கியை நிறுவுவதே தீர்வு. அது கிடைக்காத மிகப் பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஈ போன்ற எளிய பணிமேடை பொருந்தும்.

செயல்முறையை நிறுத்த வேண்டிவந்தால் ‘கில்’ கட்டளை உண்டு. பெயர் கொடியதாயினும் இயல்பாக அது அனுப்புவது 15ஆம் எண் குறிப்பு. ‘வேலையை முடித்துக்கொண்டு விடைபெறுக’ என்பது அதன் பொருள். திறந்த கோப்பைச் சேமிக்கச் செயல்முறைக்கு வாய்ப்புண்டு. 9ஆம் எண்ணோ கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே முதலில் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். 15ஐ அனுப்பிச் சற்றுப் பொறுத்து, அதற்கும் அடங்காவிடில் மட்டுமே 9ஐ அனுப்பக் கற்பிப்போம்.