காப்பகத்தில் இருந்து நோயாளி மாயமானால்... முதல் 1 மணி நேரத்தில் செய்ய வேண்டியது என்ன?

மாலை 6 மணி. முதியோர் இல்லத்தில் பகல் டியூட்டி ஆட்கள் கிளம்புகிறார்கள். இரவு டியூட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். பால் வண்டிக்காக கேட் திறந்து கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து கைலியும் சட்டையுமாக ஒரு பெரியவர் வெளியே நடந்து போகிறார். யாரையோ பார்க்க வந்தவர் என்று எண்ணி யாரும் அவரை தடுக்கவில்லை.

இரவு சாப்பாட்டின்போதுதான் ஒரு தட்டு மீதி இருப்பது தெரிகிறது. "இப்பதானே இங்க உக்காந்துட்டு இருந்தாரு" என்கிறார் ஒருவர். "காலையில இருந்தே வீட்டுக்கு போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்கிறார் இன்னொருவர்.

முதியோர் இல்லம், மனநல காப்பகம், ஆஸ்பத்திரி வார்டு எதுவானாலும் நோயாளி மாயமாகும் கதை பல நேரங்களில் இப்படித்தான் தொடங்குகிறது. அதன்பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுகிறார்கள். யார் எங்கே தேடினார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. போலீசுக்கு சொல்வதா, குடும்பத்துக்கு சொல்வதா, இன்னும் கொஞ்சம் பார்ப்போமா என்று யோசிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. ஆபத்தே அந்த தாமதத்தில்தான் இருக்கிறது.

தப்பி ஓடுகிறாரா?

இப்படி போகிறவரை "தப்பி ஓடிட்டாரு" என்று சொல்வது வழக்கம். ஆனால் மறதி நோய் உள்ளவர் பெரும்பாலும் தப்பிப்பதற்காக போவதில்லை. அவர் மனதில் ஒரு வேலை இருக்கும். மாட்டுக்கு தண்ணீர் காட்ட வேண்டும், மில்லுக்கு ஷிப்டுக்கு போக வேண்டும், பள்ளிக்கூடம் விட்டு பிள்ளை வரும் நேரம் என்று கிளம்பி விடுவார். மில்லை மூடி 20 வருடம் ஆகி இருக்கலாம். அது அவர் நினைவில் இருக்காது.

சாயங்காலம் ஆனால் இவர்களில் பலருக்கு பதற்றம் கூடும். டியூட்டி மாறும் நேரமும் அதுவேதான். மறதி நோயாளிகளில் 10 பேருக்கு 6 பேர் ஒரு முறையாவது இப்படி வழிதவறி போவார்கள் என்று அமெரிக்காவில் உள்ள அல்சைமர் சங்கம் சொல்கிறது. எனவே, "எங்க இல்லத்துல அப்படி நடக்காது" என்று எந்த இல்லமும் மெத்தனமாக இருக்க முடியாது.

17 நாள் கழித்து கிடைத்த உடல்

தேடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகர அரசு ஆஸ்பத்திரியில் 2013-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந்தேதி ஒரு பெண் நோயாளி படுக்கையில் இருந்து மாயமானார். குடும்பத்தினர் ஊரெல்லாம் நோட்டீஸ் கொடுத்து தேடினார்கள். 17 நாள் கழித்து அக்டோபர் 8-ந்தேதி, அதே ஆஸ்பத்திரியின் அவசரகால படிக்கட்டில் அவர் பிணமாக கிடந்தார். எல்லா படிக்கட்டுகளையும் முழுமையாக தேடவில்லை என்பது அதன் பிறகுதான் தெரியவந்தது.

எனவே முதலில் கட்டிடத்துக்கு உள்ளேயே தேட வேண்டும். கழிவறை, மாடிப்படி, மொட்டை மாடி, ஸ்டோர் ரூம், பூட்டிய அறை, மரத்தடி எதையும் விடக்கூடாது. கிணறு, தண்ணீர் தொட்டி இருந்தால் உடனே பார்க்க வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவர் பொறுப்பு. பார்த்து முடித்ததும் எந்த இடம், எத்தனை மணி என்று எழுதி வைக்க வேண்டும். இதற்கு சில நிமிடங்கள்தான் ஆகும்.

அதே நேரத்தில் ஒருவர் வெளியே போய் பஸ் நிறுத்தம், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டில் விசாரிக்க வேண்டும். இன்னொருவர் குடும்பத்துக்கு போன் போட வேண்டும். உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்ததும் 112 அல்லது 100-க்கு சொல்லி, போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். "24 மணி நேரம் கழித்துதான் புகார் கொடுக்கணும்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி சட்டம் எதுவும் கிடையாது. சுகர், வலிப்பு, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் போலீசிடம் சொல்ல வேண்டும். மாத்திரை தவறும் ஒவ்வொரு வேளையும் அவருக்கு ஆபத்துதான்.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

போலீஸ் கேட்கும் முதல் கேள்வியே, "போட்டோ இருக்கா?" என்பதுதான். 10 வருடத்துக்கு முந்தைய போட்டோவை வைத்துக்கொண்டு யாரை தேடுவது?

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவர் 2-ம் உலகப்போரில் நார்மண்டி தாக்குதலில் பங்கேற்ற வீரர். முதுமையில் மறதி நோய் வந்தது. அடிக்கடி மாயமான அவர், ஒருமுறை சின்ன வயதில் வாழ்ந்த வீட்டை தேடி போனபோது இறந்துபோனார். அவர் பெயரிலேயே 'ஹெர்பர்ட் நடைமுறை' என்று ஒரு படிவத்தை நார்போக் பகுதி போலீசார் முதலில் கொண்டு வந்தனர். பின்னர் மற்ற பகுதிகளுக்கும் அது பரவியது. ஆள் மாயமாவதற்கு முன்பே விவரங்களை எழுதி வைத்துவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இதற்கு பெரிய செலவு இல்லை. ஒரு தாள் போதும். சமீபத்திய போட்டோ, உயரம், மச்சம், தழும்பு, பேசும் மொழி, சாப்பிடும் மாத்திரை, எந்த பெயர் சொல்லி கூப்பிட்டால் திரும்பி பார்ப்பார் என்ற விவரம், பழைய வீடு, வேலை பார்த்த இடம், வழக்கமாக போகும் கோவில், மசூதி, சர்ச் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தேட வேண்டிய இடத்தை அந்த தாளே சொல்லிவிடும்.

பூட்டு போட்டால் போதுமா?

"ரூமுக்குள்ள வச்சு பூட்டிட்டா பிரச்சினை இல்லையே" என்று கேட்கலாம். அதற்கு பதில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இருக்கிறது. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந்தேதி அதிகாலை அங்கிருந்த மனநல காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 நோயாளிகள் கருகி இறந்தனர். ஓடிவிடக்கூடாது என்று போட்ட சங்கிலியே எமனாக மாறியது.

2017-ம் ஆண்டு மனநல பராமரிப்பு சட்டத்தின் 95-வது பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. தனி அறையில் அடைத்து வைப்பதற்கும் இந்த சட்டத்தில் தடை உள்ளது.

பூட்டுக்கு பதிலாக வேறு வழிகள் இருக்கின்றன. கேட்டில் மணி, டியூட்டி மாறும்போது தலை எண்ணிக்கை, சாயங்காலம் துணைக்கு ஒரு ஆளுடன் சிறிது தூரம் நடை, சட்டையில் தைத்த போன் நம்பர் இவை போதும். ஜப்பானில் இருமா நகரில், மறதி நோயாளிகளின் கைவிரல் நகத்தில் 'க்யூஆர்' ஸ்டிக்கர் ஒட்டும் திட்டத்தை 2016-ல் தொடங்கினார்கள்.

போலீசின் கடமை

தெருவில் தனியாக திரியும் மனநோயாளியை போலீசார் கண்டால் பாதுகாப்பாக அழைத்துச் செல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு பரிசோதனைக்காக அழைத்துச் செல்ல வேண்டும். ஆதரவின்றி திரிந்தவர் என்றால் காணாமல் போனவர் என்று வழக்கு பதிவு செய்து, குடும்பத்தை கண்டுபிடிக்க வேண்டும். இதெல்லாம் அதே சட்டத்தின் 100-வது பிரிவு சொல்வது. வழிதவறிய முதியவரை நீங்கள் பார்த்தால் 112-ஐ அழைக்கலாம். முதியோர் உதவி எண் 14567-லும் சொல்லலாம்.

அப்பாவையோ, அம்மாவையோ இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் மாத கட்டணம் எவ்வளவு, சாப்பாடு எப்படி என்று விசாரிக்கிறார்கள். அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். "எங்கப்பா திடீர்னு காணாம போனா, முதல் 1 மணி நேரத்துல நீங்க என்ன செய்வீங்க?"

பதில் சொல்ல இல்லத்துக்காரர் யோசித்தால், நீங்களும் ஒருமுறை யோசிப்பது நல்லது.