எழுத்து கோப்பில், வண்ணம் திரையில்!

டைப்ரைட்டிங்கில் 'ஹையர்' பாஸ் செய்த சான்றிதழோடு பம்பாய்க்கும் டில்லிக்கும் ரயிலேறிய தலைமுறைக்கு, ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட இருந்த வழிகள் மிகக் குறைவு. அதே எழுத்தின் மேல் இன்னொரு தரம் அடித்தால் தடிப்பாகத் தெரியும். பின்னுக்கு வந்து அடிக்கோடு போடலாம். கறுப்பும் சிவப்புமான ரிப்பன் மாட்டிய யந்திரமானால், நெம்புகோலைத் தட்டிச் சிவப்பில் அடிக்கலாம். எதுவானாலும் காகிதத்தில் ஏறியது ஏறியதுதான். மேலதிகாரிக்குச் சிவப்பு பிடிக்கவில்லையென்றால் தாளை உருவிவிட்டு, கார்பன் நகல்களோடு மறுபடி அடிக்க வேண்டும்.

அவர்களுடைய பிள்ளைகள் இன்று பெங்களூரிலும் புனேயிலும் கம்ப்யூட்டர் திரையில் பார்க்கும் வண்ணங்களின் சங்கதி வேறு. புரோகிராம் எழுத அவர்கள் பயன்படுத்தும் 'டெக்ஸ்ட் எடிட்டர்' என்ற சாதனத்தில் ஒரு வரி நீலமாகவும் மற்றொன்று பச்சையாகவும் தெரியும். ஆனால் கோப்பில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. வெறும் எழுத்துக்கள் மட்டுமே. வண்ணம் பார்ப்பவரின் மூக்குக் கண்ணாடியில் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளலாம்.

முகங்களின் குடும்பம்

இந்த ஏற்பாட்டை மிக விரிவாகச் செய்திருப்பது 'ஈமாக்ஸ்' என்ற எடிட்டர். 1976-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. ரிச்சர்டு ஸ்டால்மன் இதைப் புதிதாக எழுதி, 1985-ல் 'குனு ஈமாக்ஸ்' என்று வெளியிட்டார். எவரும் காசில்லாமல் எடுத்துக் கொள்ளலாம்.

ஈமாக்ஸில் ஒவ்வொரு தோற்றத்துக்கும் 'ஃபேஸ்', அதாவது முகம் என்று பெயர். குறிப்புரைக்கு ஒரு முகம், மேற்கோளுக்குள் வரும் சொற்களுக்கு ஒரு முகம், தேர்ந்தெடுத்த பகுதிக்கு ஒரு முகம். எழுத்துரு, அளவு, தடிப்பு, சாய்வு, நிறம், பின்புல நிறம், அடிக்கோடு எல்லாம் அதில் அடங்கும். ஒரு முகம் தனக்கென்று சொல்லாததை 'டீஃபால்ட்' என்ற மூத்த முகத்திடமிருந்து எடுத்துக் கொள்ளும். கூட்டுக் குடும்ப வழக்கந்தான்! எனவே சாளேசுரம் வந்தவர் மூத்த முகத்தின் அளவை மட்டும் கூட்டினால் போதும். பொதுவாக மற்றவையும் கூடவே பெரிதாகும். அளவு பாயிண்டில் பத்தில் ஒரு பங்காகக் கணக்கிடப்படுகிறது. 12 பாயிண்ட் வேண்டுமானால் 120 என்று கொடுக்க வேண்டும்.

மாற்றுவது சிரமமில்லை. 'கஸ்டமைஸ்-ஃபேஸ்' என்ற கட்டளையைக் கொடுத்தால் படிவம் போல ஒன்று விரியும். நிரப்பிச் சேமித்தால் தொடக்கக் கோப்பில் பதிவாகிவிடும். வேலை மாறிப் போகிறவர் அந்தக் கோப்பைக் கையோடு எடுத்துச் சென்றால், புது இடத்திலும் பழைய திரைதான்.

இது அலங்காரமல்ல. மேற்கோள் குறியை மூட மறந்தால், அதன் கீழே உள்ள வரிகளெல்லாம் மேற்கோளின் நிறத்துக்கு மாறிவிடும். இரவு ஷிப்டில் கண் சொக்கும் நேரத்தில், ஒரு மணி நேரம் தேட வேண்டிய பிழையைத் திரையே காட்டிக் கொடுக்கிறது. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத பார்வை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அவர்கள் நிறத்தை நம்பாமல் தடிப்பையும் அடிக்கோட்டையும் வைத்துக் கொள்ளலாம்.

தமிழுக்கு என்ன வழி?

ஆங்கில எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இருப்பதில்லை. கம்ப்யூட்டரில் வேறு தமிழ் எழுத்துருவும் இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஈமாக்ஸில் தமிழுக்கு மட்டும் தனி எழுத்துருவைக் குறிப்பிட முடியும். நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. 'கொ' என்ற எழுத்தில் ககரமும் ஒகரக் குறியும் கோப்பில் அடுத்தடுத்து நிற்கும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் போட்டுக் காட்டுவது திரையின் பொறுப்பு. ஒரு குறை உண்டு. புரோகிராம் எழுதும் ஆங்கில எழுத்துக்கள் ஒரே அகலம். 'ண'வும் 'ர'வும் அப்படியா? பட்டியல் போட்டால் பத்திகள் நேராக நிற்க மறுக்கின்றன.

இதைவிடப் பெரிய தொல்லை பழைய கோப்புகளில் இருக்கிறது. யூனிகோட் பரவுவதற்கு முன், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தன் இஷ்டப்படி தமிழை உட்கார வைத்தது. அங்கே முகம்தான் ஆள். முகத்தை மாற்றினால் ஆளே காணோம்! தமிழ்க் கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாக நிற்கும். இந்தக் குழப்பத்துக்கு முடிவு காண 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி 'டாம்', 'டாப்' என்ற தரங்கள் வந்தன. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது.

ஆனால் வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களில் 1990-களில் அடித்து வைத்த உறுப்பினர் பட்டியலும் ஆண்டு மலரும் தாமாக மாறிவிடுமா? அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் சாதனங்கள் இலவசமாக உள்ளன. எந்த எழுத்துருவில் அடித்தது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். பல இடங்களில் அது, அன்று அடித்துக் கொடுத்த ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போவதற்குள் எழுத்துருவின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துவிட்டு, ஒரு பக்கத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது.