பெயர் மாறினால் மருந்து மாறிவிடுமா?

களைக்கொல்லி உரக்கடைக்காரர் சமாச்சாரம், மளிகைக்காரருக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பண்டசோழநல்லூர் போன்ற நெல் விளையும் ஊர்களில் அறுவடை முடிந்தால்தான் நம் பற்றுக் கணக்கு தீரும். களை மிஞ்சினால் நிலுவையும் மிஞ்சும்.

பஞ்சாப், அரியானா கோதுமை வயல்களில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே 'குல்லி டண்டா' என்றொரு புல். இளசில் கோதுமைப் பயிர் போலவே இருக்கும். அதை அழிக்க ஐசோபுரோடூரான் என்ற ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்தார்கள். எங்கோ ஒன்றிரண்டு செடிகள் இயல்பாகவே அதைத் தாங்கின. மற்றவை மடிய, அவை மட்டும் விதை கொட்டிப் பெருகின. 1990களின் தொடக்கத்தில் மருந்து பலிக்கவில்லை. பயிரைப் பச்சையாகவே தீவனத்துக்கு அறுத்தவர்களும் உண்டு.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கிளோடினாபாப், சல்போசல்பூரான் முதலிய மருந்துகள் வந்தன. பின்னாளில் அவற்றையும் தாங்கும் புல் முளைத்தது. மருந்தைத் தன் உடலுக்குள்ளேயே சிதைக்கப் பழகிய களைக்குச் சில சமயம் புது மருந்தும் பலிப்பதில்லை.

இதில் வியாபாரிக்கும் பொறுப்புண்டு. நெல்லுக்கு அடிக்கும் பிஸ்பைரிபேக் சோடியம் பல கம்பெனிப் பெயர்களில் வருகிறது. டப்பா வேறு, சரக்கு ஒன்றே. வேதிப்பெயர் வேறானாலும் களையைத் தாக்கும் வழி ஒன்றாக இருக்கலாம். எனவே மருந்து விற்கும் உறுப்பினர்கள் வேளாண் அலுவலரிடம் இவ்விவரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நெல்லுக்குப் பின் உளுந்து, களை பூக்குமுன் கைக்களை, களைவிதை கலவாத விதைநெல் ஆகியவற்றையும் எடுத்துச் சொல்லலாம்.

"போன போகத்தில் என்ன அடித்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு டப்பாவை எடுப்போம். அன்று ஒரு விற்பனை குறையலாம். அறுவடையில் வரவேண்டிய பாக்கி வந்து சேரும்.