கூரைக்கு வெள்ளைப் புடவை!

தீரர் சத்தியமூர்த்தி பிறந்த திருமயத்திலே, ராமநாதபுரம் சேதுபதி 1687-ல் கட்டிய கோட்டை ஒரு பாறைக் குன்றின் மேல் நிற்கிறது. சித்திரை வெயிலில் அந்தப் பாறையில் கால் வைத்தால் அப்பளமே பொரித்துவிடலாம் போலிருக்கும்! சூரியன் மறைந்த பிறகும் அது லேசில் ஆறாது. பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் மெல்ல மெல்லக் கக்கும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கான்கிரீட் மாடியும் அந்தப் பாறைக்குத் தம்பிதான்! இரவு பத்து மணிக்கும் விசிறியிலிருந்து அனல் வீசுகிறதே, குழந்தை தூங்காமல் சிணுங்குகிறதே, அது விசிறியின் குற்றமல்ல, கூரையின் குற்றம்.

திருமயத்துக்குப் பக்கத்திலே கடியாபட்டி, ராயவரம் முதலிய ஊர்களில் நகரத்தார் கட்டிய பழைய வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். வெளியே நெருப்பு, உள்ளே இதம்! மாயமொன்றுமில்லை. நாட்டு ஓடுகளை அடுக்கடுக்காக வேய்ந்திருக்கிறார்கள். ஓடுகளின் இடுக்கில் சிக்கிய காற்று, வெப்பத்தை எளிதில் கீழே விடுவதில்லை. கூரையும் உயரம், சூடான காற்று தலைக்கு மேலே ஏறிவிடும். அது வெளியேற, நடுவிலே வானம் பார்த்த வளவு இருக்கிறது. இத்தனைக்கும் மின்சாரச் செலவு ஒரு காசு கிடையாது!

"எங்களுக்கு ஏது வளவு? இருப்பது மாடியில் இரண்டு அறை!" என்கிறீர்களா? கவலை வேண்டாம். வெயிலில் கறுப்புப் புடவை சுடும். வெள்ளைப் புடவை அவ்வளவு சுடாது அல்லவா? மொட்டை மாடிக்கும் அதே நியாயம்தான். பங்குனியிலேயே தளத்தைப் பெருக்கிக் கழுவி, விரிசல்களை அடைத்து, இரண்டு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். வெயிலில் பெரும் பகுதி வந்த வழியே திரும்பிவிடும். மழையில் கரையும், ஆகையால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் ஜாக்கிரதை! வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், லாபம் அவருக்கும்தானே!

பாட்டி காலத்து யோசனை என்று தள்ளிவிடாதீர்கள். தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைகளுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. ஏ.சி.யை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தாலே மின்சாரம் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். கூரை குளிர்ந்தால் அந்த ஒரு டிகிரியைத் தாராளமாக உயர்த்தலாமே!

ஏ.சி. இல்லாத வீட்டிலோ லாபம் இன்னும் பெரிது: குழந்தை நிம்மதியாகத் தூங்கும், நீங்களும் தூங்கலாம்!