சக்கரத்தின் மேல் ஒரு சமையற்கட்டு – 5: காகிதம் போட்ட வழி

ஸ்லோவேனியாவைத் தாண்டித் தெற்கே இறங்கினால் குரோவாசியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, கொசோவோ, வடக்கு மாசிடோனியா, செர்பியா என்று ஏழு நாடுகள். ஐந்து நாணயங்கள். ஏழில் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஷெங்கன் வட்டத்திலும் இருப்பது குரோவாசியா மட்டும்தான். 2023 ஜனவரி 1-ம் தேதி யூரோவுக்கும் ஷெங்கனுக்கும் ஒரே நாளில் மாறியது. மீதி ஆறும் தனித்தனி வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் பாஸ்போர்ட், வண்டியின் பதிவுப் பத்திரம், இன்ஷூரன்ஸ் மூன்றையும் ஜன்னல் வழியே நீட்டியாக வேண்டும்.

இந்த நாடுகளுக்குப் போக நாங்கள் தயாராக்கிவரும் வேனில் தச்சு வேலை சென்ற வாரத்தோடு முடிந்தது. இனி வழி போட வேண்டும். என் மனைவியிடம் ஒரு பட்டியல் இருந்தது: ப்ளிட்விட்ஸே அருவிகள், டுப்ரோவ்னிக் கோட்டை, கோட்டோர் வளைகுடா, ஓஹ்ரிட் ஏரி. என் பட்டியல் வேறு: சரயேவோ, மோஸ்டார், ப்ரிஸ்ரென். இரண்டையும் ஒரே கோட்டில் கோத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது சூரிச்சிலிருந்து நண்பர் அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இந்தப் பக்கம் பல வருஷமாக வேன் ஓட்டுகிறவர். பட்டியல்களைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, வடிவான இடமெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். முதல்ல விசாவை எடும், இன்சூரன்ஸ் பேப்பரை எடும். அதுகள் விடுற பாதையாலதான் போகலாம்" என்றார்.

குறைந்த செலவில் போக நினைப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ரொட்டியிலும் பாலிலும் மிச்சம் பிடித்த காசெல்லாம், ஓர் எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டால் அந்த ஒரு நாள் டீசலிலேயே கரைந்துவிடும்.

வண்டியில் ஏறப்போவது மூன்று பேர். நானும் மனைவியும் இந்தியப் பாஸ்போர்ட், ஜெர்மன் குடியிருப்பு அட்டை. மச்சினன் மதுரையிலிருந்து ஷெங்கன் விசாவில் வருகிறான். ஒரு காலத்தில் விசா இல்லாமலே இந்தியர்களை அனுமதித்த செர்பியா, 2023 ஜனவரி 1 முதல் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. ஆனால் செல்லுபடியாகும், பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவோ குடியிருப்பு அட்டையோ இருந்தால் செர்பியா உட்பட ஆறு நாடுகளும் தனி விசா கேட்பதில்லை. சலுகைதான் ஒரே மாதிரி இல்லை. ஓரிடத்தில் 15 நாள், இன்னோரிடத்தில் 30 நாள். அல்பேனியாவுக்கு என்றால் அந்த விசாவை ஏற்கெனவே ஒருமுறை ஷெங்கனுக்குள் பயன்படுத்தியிருக்க வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. கிளம்புகிற வாரத்தில் அந்தந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத் தளத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. சூரிச் அண்ணனிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. அவர் வைத்திருப்பது சுவிஸ் பாஸ்போர்ட்.

மச்சினனிடம் நான் கறாராகச் சொன்னது ஒன்றுதான்: பலமுறை நுழையும் விசாவுக்கு விண்ணப்பி, ஒற்றை நுழைவு கிடைத்தால் சொல்லிவிடு, வழியையே மாற்றிவிடுகிறேன். ஒற்றை நுழைவு விசாவோடு போஸ்னியாவில் கால் வைத்தால் மறுபடி ஷெங்கனுக்குள் வர முடியாது. திரும்பும் விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் நிற்கும், பயணி சரயேவோவில் நிற்பார்.

தெரியாமலே இந்தப் பொறியில் விழக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் போஸ்னியாவுக்குச் சுமார் 20 கிலோமீட்டர் கரை இருக்கிறது. ஊரின் பெயர் நெயும். அந்தத் துண்டு நிலம் குரோவாசியாவின் கடற்கரையை இரண்டாக வெட்டுகிறது. ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக்குக்குக் கரையோரமாகப் போகிறவர் குரோவாசியாவை விட்டு வெளியேறி, சில நிமிஷங்களில் போஸ்னியாவைக் கடந்து, மறுபடி குரோவாசியாவுக்குள் நுழைய வேண்டியிருந்தது. 2022 ஜூலை 26-ம் தேதி பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகுதான் இதற்கு விடிவு. நீளம் 2.4 கிலோமீட்டர், கட்டியது சீன நிறுவனம், ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது 35.7 கோடி யூரோ. பாலத்தைக் கடக்கச் சுங்கமும் இல்லை. ஒற்றை நுழைவு விசாக்காரர்கள் டுப்ரோவ்னிக் போவதென்றால் பாலத்தின் வழியேதான் போக வேண்டும். போனில் இருக்கும் வழிகாட்டி 'நெயும் வழி பத்து நிமிஷம் மிச்சம்' என்று ஆசை காட்டினாலும் கேட்கக் கூடாது.

அடுத்தது கிரீன் கார்டு. பெயர்தான் பச்சை; 2020-லிருந்து வெள்ளைத் தாளிலேயே அச்சிட்டுக்கொள்ள அனுமதி உண்டு. நம் வண்டி வெளிநாட்டில் யாரையாவது இடித்துவிட்டால் இழப்பீட்டுக்கு நம் இன்ஷூரன்ஸ் பொறுப்பு என்பதற்கு இதுதான் அத்தாட்சி. எங்களுக்கு வந்த தாளை மனைவி மேசை விளக்கின் கீழ் வைத்து, விரலால் தடவிப் பார்த்தாள். சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டின் குறியெழுத்து. சில கட்டங்களின் மேல் குறுக்கே கோடு. கோடு விழுந்த நாட்டில் அந்த இன்ஷூரன்ஸ் செல்லாது. எல்லா நிறுவனங்களும் ஒரே கட்டங்களை அடிப்பதில்லை என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் போய்வந்தாரே என்ற சமாதானம் இங்கே உதவாது. போஸ்னியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, வடக்கு மாசிடோனியா, செர்பியா ஐந்தும் கோடு விழாமல் இருந்தன.

கொசோவோவைத் தேடினாள். கட்டமே இல்லை.

கிரீன் கார்டு அமைப்பிலேயே கொசோவோ இல்லை. எல்லைக்குப் போய் அங்கேயுள்ள கூண்டில் பணம் கட்டிக் குறுகிய கால இன்ஷூரன்ஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ரொக்கமாக யூரோ வைத்திருப்பது நல்லது. கொசோவோவும் மாண்டினீக்ரோவும் ஒன்றியத்தில் சேராமலே யூரோவில் வாங்கி விற்கிற நாடுகள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். 2008 பிப்ரவரியில் சுதந்திரம் அறிவித்த கொசோவோவை இந்தியா அங்கீகரிக்கவில்லை. அங்கே பாஸ்போர்ட் தொலைந்தால் ஓடிப்போய் நிற்க நமக்கு ஒரு தூதரகம் இல்லை. எங்கள் மூவரின் பாஸ்போர்ட்டும் அந்த ஊரில் மட்டும் மனைவியின் இடுப்புப் பையில் இருக்கும் என்று முடிவாகியிருக்கிறது.

நாடுகளின் வரிசையைத் தீர்மானித்ததும் கொசோவோதான். செர்பியாவைப் பொறுத்தவரை கொசோவோ இன்னும் அதன் சொந்த மண். ஆகவே அல்பேனியா வழியாகக் கொசோவோவுக்குள் வந்து, அங்கிருந்து நேரே செர்பியாவுக்குள் நுழைய முயன்றால், 'நீங்கள் எங்கள் நாட்டுக்குள் எந்த வாசலால் வந்தீர்கள்?' என்று கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் செர்பியாவின் நுழைவு முத்திரை இருக்காது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். நடுவில் வடக்கு மாசிடோனியாவைச் செருகி, ஸ்கோப்யேவிலிருந்து செர்பியாவுக்குப் போனால் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அந்த வரிசையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவது என்று ஆயிற்று: கடல் பக்கமாக இறங்கி, உள்நாட்டு வழியாக ஏறி வருவது.

செலவுக்கு வருவோம். எங்கள் ஃபியட் டுக்காட்டோ 100 கிலோமீட்டருக்குச் சுமார் 10 லிட்டர் குடிக்கும். ஸ்டுட்கார்ட்டிலிருந்து போய்த் திரும்ப 4,500 கிலோமீட்டர் என்று வைத்தால் 450 லிட்டர்; லிட்டர் ஒன்றரை யூரோ என்றாலும் 675 யூரோ. சாப்பாடு, முகாம், சுங்கம் எதுவும் இதன் அருகில் வராது. போஸ்னியாவில் டீசல் மலிவு, அல்பேனியாவில் விலை அதிகம்; அல்பேனியாவுக்குள் நுழையும் முன் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் 90-க்கு மேல் போகாமல் ஓட்டினால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். லாரிக்காரர்கள் பின்னால் விளக்கடிப்பார்கள், அடிக்கட்டும்.

சுங்கத்தில் ஒரு நுணுக்கம். ஸ்லோவேனியாவில் நெடுஞ்சாலைக்கு விக்னெட் எனப்படும் மின்-அனுமதி வாங்க வேண்டும். முன் அச்சுக்கு மேல் 1.30 மீட்டருக்கு மிஞ்சிய உயரமுள்ள வேன்களுக்குக் கட்டணம் கூடுதல். அதே வேன் கேம்பர் என்று பதிவாகியிருந்தால், 3.5 டன்னுக்குள் இருக்கும்வரை, கார் வகைக் கட்டணமே போதும். பதிவுப் பத்திரத்தில் சரக்கு வேன் என்றே விட்டுவிட்டு உள்ளே கட்டில் போட்டுக்கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் விழிப்பார்கள்.

இரவு எங்கே நிறுத்துவது? ஸ்லோவேனியாவிலும் குரோவாசியாவிலும் முகாமுக்கு வெளியே வேனில் படுப்பது தடை, அபராதமும் உண்டு. கோடையில் குரோவாசியக் கடற்கரை முகாம்களின் வாடகையைப் பார்த்தால் வேன் எதற்கு, ஓட்டல் அறையே எடுத்திருக்கலாமே என்று தோன்றும். எனவே குரோவாசியாவை ஒரே பகலில் கடந்து பிஹாச் வழியாகப் போஸ்னியாவுக்குள் இறங்குகிறோம். ப்ளிட்விட்ஸேயில் கோடையில் ஆளுக்கு 40 யூரோ அளவில் நுழைவுச்சீட்டு. அதற்குப் பதில் பிஹாச்சுக்கு அருகே ஊனா ஆற்றின் ஷ்ட்ர்பாச்கி பூக் அருவி. ப்ளிட்விட்ஸே இல்லாத பால்கன் என்ன பால்கன் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் மூன்று டிக்கெட் காசுக்குப் போஸ்னியாவில் பல நாள் சாப்பிடலாம்.

போஸ்னியாவில் சாலையோர உணவகங்களின் முற்றத்தில், இரவுச் சாப்பாடு சாப்பிட்டால் நிறுத்திக்கொள்ள விடுவது சகஜம். கேட்டுவிட்டு நிறுத்துவது மரியாதை. அங்கே நான் வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு, அதில் சலுகை கிடையாது: தார் போட்ட தரையை விட்டு வண்டியோ காலோ இறங்கக் கூடாது. 1992 முதல் 1995 வரை நடந்த போரில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் முழுதாக அகற்றப்படவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் தெரிந்துவிடும்; பலகை இல்லாததால் பத்திரம் என்று அர்த்தமில்லை. 2014 மே மாத வெள்ளமும் மண்சரிவும் சில வெடிகளை இடம்பெயர்த்து, குறித்து வைத்திருந்த பலகைகளையும் அடித்துக்கொண்டு போயின. ஆள் இல்லாத புல்வெளி, பழைய கல்வீடு, அழகான ஆற்றங்கரை என்று இரவு தங்கும் இடங்களைக் காட்டும் செயலிகள் படம் போடும். உள்ளூர்க்காரர் ஆடு மேய்க்காத புல்வெளியில் நமக்கு என்ன வேலை?

சமையலுக்கு வருகிறேன். ஜெர்மனியில் கிடைக்கும் சாம்பல் நிற சிலிண்டரைப் பால்கனில் கொடுத்து மாற்ற முடியாது. நாட்டுக்கு நாடு வால்வு வேறு, சிலிண்டர் வேறு. பெட்ரோல் பங்க்குகளில் காருக்குப் போடும் எல்பிஜி தாராளமாகக் கிடைக்கும். நிரப்பக்கூடிய டேங்க் வைத்திருப்பவர்கள் வண்டியில் அடாப்டரோடு போய் நிரப்பிக்கொள்வார்கள். அந்த டேங்க்கின் விலை எங்கள் பட்ஜெட்டுக்கு அதிகம். 11 கிலோ சிலிண்டர் ஒன்று, குக்கர் ஒன்று. மாதம் முழுக்க இதை வைத்து ஓட்டிவிடலாம். மலையில் குக்கர் இன்னும் உதவும்: மாண்டினீக்ரோவின் ஷாப்லியாக் 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகிற நேரத்தில் பொறுமை போய்விடும். தயிருக்குக் கவலையே இல்லை; பால்கன் முழுக்க நல்ல தயிர். ஆனால் போஸ்னியாவிலோ செர்பியாவிலோ வாங்கிய தயிர், வெண்ணெய், சீஸ், இறைச்சி எதையும் ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. கடைசி எல்லைக்கு முன்னால் ஃப்ரிட்ஜைக் காலி செய்ய ஒரு பெரிய மோர்க்குழம்பு வைக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக நின்ற வழி இது. பிஹாச், சரயேவோ, மோஸ்டார், ட்ரெபின்யே. ட்ரெபின்யேவிலிருந்து டுப்ரோவ்னிக் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்காக ஒருமுறை ஷெங்கனுக்குள் போய்த் திரும்ப வேண்டும், எல்லை வரிசையில் நிற்க வேண்டும். விட்டுவிட்டோம். ட்ரெபின்யேவிலிருந்து நேரே மாண்டினீக்ரோவின் ஹெர்ட்செக் நோவிக்கு இறங்க ஓர் எல்லைச் சாவடி இருக்கிறது. அப்புறம் கோட்டோர், ஷாப்லியாக், ஷ்கோடர். அங்கிருந்து ட்ரின் ஆற்றை அணை போட்டு உண்டாக்கிய கோமான் ஏரியில், வண்டியோடு ஏறும் ஃபெரியில் ஃபியர்ஸா. அதன்பின் ப்ரிஸ்ரென், ஸ்கோப்யே, ஓஹ்ரிட் போய்த் திரும்பி, நிஷ், பெல்கிரேடு, வீடு. தெற்கு அல்பேனியா இந்த முறை இல்லை.

கிளம்புவது செப்டம்பரில். கூட்டம் வடிந்திருக்கும், மலைப்பாதைகள் இன்னும் திறந்திருக்கும். என் பட்டியலில் மூன்றும் தப்பின; மனைவியின் பட்டியலில் நான்கில் இரண்டு போயின. இந்தக் கணக்கு வீட்டில் சும்மா முடியவில்லை. கோட்டோரில் கடலைப் பார்த்த முகாமில், காசு கொடுத்து, வெந்நீர்க் குளியலோடு இரண்டு இரவு என்று உடன்பாடாகியிருக்கிறது. மூன்றாவது இரவுக்குப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

(தொடரும்)